777 என்னும் பழக்கம்

வணக்கம்.

கோப்புகளை அனுப்பவும் வாங்கவும் லினக்ஸில் ஒரு எஃப்டிபி சர்வர் அமைக்க முயன்றேன். அதற்கான விஎஸ்எஃப்டிபிடி நிரலை நிறுவினேன். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் உள்ளே போகிறது, ஆனால் கோப்புப் பட்டியல் வருவதில்லை. அப்படியே நின்று, சற்று நேரத்தில் தொடர்பு அறுந்துவிடுகிறது. இணையத்தில் படித்துவிட்டு ஃபயர்வாலை நிறுத்தினேன், ஹோம் டைரக்டரி முழுக்க 777 கொடுத்தேன், அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற உரிமை. பலனில்லை. எஸ்எஸ்ஹெச் வழியாகக் கோப்புகளை அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கு மாறச் சொன்னார் நண்பர். இப்போது அதுவும் போச்சு. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச், நேற்றுவரை கடவுச்சொல்லுக்குப் பதில் என் சாவிக் கோப்பை ஏற்றுக்கொண்டிருந்தது, இன்று கடவுச்சொல் கேட்கிறது. எந்த டிஸ்ட்ரோவுக்கு, அதாவது வேறெந்த லினக்ஸ் வகைக்கு, மாறினால் இந்தத் தொல்லை இருக்காது? எஃப்டிபியா, எஸ்எஃப்டிபியா, எது சரி? லினக்ஸ் எனக்கு வராது என்றே தோன்றுகிறது.

ர.

அன்புள்ள ர.,

அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள். உள்ளே போகிறது, பட்டியல் மட்டும் வரவில்லை என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்கு லினக்ஸ் வரும். பாதிப் பேர் ‘வேலை செய்யல’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

டிஸ்ட்ரோவை மாற்றாதீர்கள். எதற்குப் போனாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள்.

பட்டியல் ஏன் வரவில்லை? எஃப்டிபிக்கு இரண்டு இணைப்புகள் வேண்டும். போர்ட் என்பது சர்வரின் எண்ணிட்ட வாசல். 21ஆம் போர்ட்டில் பேச்சு நடக்கும். பட்டியலும் கோப்பும் தனியாக இன்னொரு இணைப்பில் வரும். எஃப்டிபிக்கு இன்றும் நாம் பின்பற்றும் விதித்தொகுப்பான ஆர்எஃப்சி 959 வெளிவந்தது 1985இல். வீட்டுக்கு வீடு ரவுட்டர் நடுவில் நிற்கும் காலம் அல்ல அது. பாசிவ் முறையில் அந்த இரண்டாம் இணைப்புக்கு எங்கே வரவேண்டும் என்பதைச் சர்வரே சொல்லும். உங்கள் எஃப்டிபி நிரலின் செய்திப் பகுதியில் 227 என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அடைப்புக்குறிக்குள் ஆறு எண்கள் இருக்கும். 192,168,1,10,195,80 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் நான்கும் முகவரி. கடைசி இரண்டும் போர்ட்: 195ஐ 256ஆல் பெருக்கி 80ஐக் கூட்டினால் 50000. அதாவது ‘192.168.1.10க்கு, 50000ஆம் போர்ட்டுக்கு வா’ என்கிறது சர்வர். அது உள்வலையின் முகவரி, வெளியிலிருந்து வருபவருக்கு அப்படியோர் இடமே கிடையாது. ஃபைல்ஸில்லா போன்ற எஃப்டிபி நிரல்கள் அந்த முகவரியை ஒதுக்கிவிட்டுச் சர்வரின் வெளிமுகவரிக்கே போய்ப் பார்க்கும். ஆனால் அங்கே ரவுட்டர் 21ஐ மட்டும்தான் உள்ளே விடும். சர்வருக்குள் ஓடும் ஃபயர்வாலை நிறுத்தி என்ன ஆகப்போகிறது? தடை அதற்கு வெளியே இருக்கிறது.

விஎஸ்எஃப்டிபிடியின் கான்ஃபிக் கோப்பில் பாசிவ் போர்ட்டுகளுக்குக் கீழெல்லை, மேலெல்லை இரண்டையும் குறியுங்கள். 50000 முதல் 50100 வரை போதும். பிஏஎஸ்வி_அட்ரஸ் என்பதில் வெளிமுகவரியைக் கொடுங்கள். அதே போர்ட்டுகளை ரவுட்டரிலும் ஃபயர்வாலிலும் திறந்துவிடுங்கள். பட்டியல் வரும்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. உங்கள் கடிதத்தின் நடுவே, போகிற போக்கில் ‘777 கொடுத்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக. கொஞ்ச நாளாகவே இது மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

பட்டியல் வராததற்கும் 777க்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமே இல்லை. வலையில் இருந்த சிக்கலுக்குக் கோப்புகளின் உரிமையில் கைவைத்தீர்கள். யாரோ ஒருவர் எங்கோ எழுதிவைத்ததைப் பார்த்து, சாவி சேரவில்லை என்று கதவையே கழற்றி வைத்துவிட்டீர்கள். கோபமாகத்தான் சொல்கிறேன். உங்கள்மேல் இருப்பதைவிட, அந்த வரியை எழுதிவைத்தவர்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

உங்கள் எஸ்எஸ்ஹெச் சாவியைக் கெடுத்தது அந்த 777தான். சர்வரில் நடந்தவற்றைப் பதிந்துவைக்கும் லாகைத் திறந்து பாருங்கள். ஜர்னல்சிடிஎல் கட்டளை காட்டும், டெபியன் வகை என்றால் ஆத்.லாக் கோப்பிலும் இருக்கும். ‘ஆதென்டிகேஷன் ரெஃப்யூஸ்டு: பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்’ என்று ஒரு வரி காத்துக்கொண்டிருக்கும். உரிமைகள் சரியில்லை, அதனால் மறுக்கிறேன் என்று பொருள். எஸ்எஸ்ஹெச் சர்வர் உங்கள் சாவியை நம்புவதற்கு முன் ஹோம் டைரக்டரியையும், அதற்குள் இருக்கும் .எஸ்எஸ்ஹெச் டைரக்டரியையும், சாவிகள் எழுதியிருக்கும் கோப்பையும் பார்க்கும். உங்களைத் தவிர வேறு யாராவது அவற்றில் எழுத முடியும் என்றால் மறுத்துவிடும். பிறகு? யார் வேண்டுமானாலும் தன் சாவியை அங்கே சேர்த்துவிட்டு நீங்களாக உள்ளே வரலாமே. அது உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. நீங்கள் அதைத் தொல்லை என்கிறீர்கள்.

எஃப்டிபியிலும் இப்படித்தான். பயனர்களை அவரவர் டைரக்டரிக்குள் அடைத்துவைக்கும் க்ரூட்டைப் போட்டுவிட்டு, அந்த மேல் டைரக்டரியிலேயே எழுதும் உரிமையும் கொடுத்தால் ‘500 ஊப்ஸ்’ என்று விஎஸ்எஃப்டிபிடி கதவைச் சாத்திவிடும். உடனே அந்த எச்சரிக்கையை வாயடைக்க ஒற்றை வரி தேடி ஓடுகிறார்கள். மேல் டைரக்டரியில் எழுதும் உரிமையை எடுத்துவிட்டு, உள்ளே ‘அப்லோடு’ என்று ஒன்றை உருவாக்கி அதில் மட்டும் கொடுத்தால் தீர்ந்தது. ஒரு நிமிட வேலை.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு டைரக்டரி இருந்தது. எப்போதோ, எதற்கோ, யாரோ 777 கொடுத்திருந்தார்கள். ஆளுக்கொரு கணக்கு உருவாக்கச் சோம்பல்பட்டு ஒரே பெயரில் அத்தனை பேரும் உள்ளே போய்வந்தார்கள். ஒருநாள் அந்த மாதத்தின் கோப்புகள் மொத்தமாகக் காணாமல் போயின. கடைசியாக அவற்றைத் திறந்து வேலை செய்தது புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண். யாரும் நேராகக் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். ‘அண்ணா, நான் அழிக்கல. என் பேர் அதுல எங்கயாவது இருக்கா பாருங்க’ என்று என்னிடம் வந்து நின்றாள்.

லாகைத் திறந்தேன். ‘ஓகே டெலீட்’ என்று வரிசையாக வரிகள் இருந்தன. நேரம் இருந்தது, கோப்பின் பெயர் இருந்தது. பயனர் இருக்கும் இடத்தில், எல்லோரும் பயன்படுத்திய அதே பெயர். முகவரி இருக்கும் இடத்தில், அலுவலகம் முழுவதற்கும் பொதுவான அதே முகவரி. அவள் செய்யவில்லை என்று நிரூபிக்க அதில் ஒன்றுமே இல்லை. ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பின்மேல் உரிமை வேண்டியதில்லை, அது இருக்கும் டைரக்டரியில் எழுதும் உரிமை போதும் என்று அங்கே இருந்தவர்களுக்கு விளக்கினேன். இந்த அறையில் இருக்கும் எவரும் செய்திருக்கலாம் என்றேன். தலையாட்டினார்கள். சந்தேகம் மட்டும் போகவில்லை. கொஞ்ச நாளில் அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

ஆளுக்கொரு கணக்கும், ஒரு குழுவும், அந்தக் குழுவுக்கு வெளியே யாருக்கும் உரிமை தராத 770ம் இருந்திருந்தால் அந்த வரியில் ஒரு பெயர் இருந்திருக்கும். அவள் பெயராகவே இருந்தாலும் பரவாயில்லை, தவறுதலாக அழித்தேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் நிமிர்ந்து வேலைக்கு வந்திருப்பாள். உரிமைகளைச் சரியாக வைப்பது திருடனைத் தடுக்க மட்டும் என்று நினைக்கிறார்கள். செய்யாத ஒருவரைக் காப்பாற்றுவதும் அதுதான். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடவுச்சொல் கொடுத்து உள்ளே போங்கள். ஹோம் டைரக்டரிக்கு 750, .எஸ்எஸ்ஹெச் டைரக்டரிக்கு 700, சாவிக் கோப்புக்கு 600. சாவி திரும்ப வேலை செய்யும். மற்றவற்றுக்கு ஃபைண்ட் கட்டளையால் டைரக்டரிகளைத் தனியாகப் பிரித்து 755, கோப்புகளைத் தனியாகப் பிரித்து 644 கொடுங்கள். இதில் உங்கள் ஸ்கிரிப்ட்டுகள் இயங்கும் உரிமையை இழக்கும். அவற்றுக்கு ஒவ்வொன்றாகத்தான் திரும்பக் கொடுக்க வேண்டும். எதற்கு எந்த உரிமை இருந்தது என்பதை அந்த ஒரே கட்டளை சுத்தமாக அழித்துவிட்டது, எங்கேயும் அது எழுதிவைக்கப்படவில்லை. அலுப்பாகத்தான் இருக்கும். முழுவதையும் செய்யுங்கள்.

எஃப்டிபியா எஸ்எஃப்டிபியா என்றால், எஸ்எஃப்டிபி. வெறும் எஃப்டிபியில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே போகிறது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும்கூட 2021இலேயே எஃப்டிபியைக் கைவிட்டுவிட்டன. எஸ்எஃப்டிபிக்கு 22ஆம் போர்ட் ஒன்று போதும், அந்த 227 கணக்கே வேண்டாம். பயனர்களை க்ரூட்டில் அடைப்பதாக இருந்தால் அந்த டைரக்டரியும் அதற்கு மேலே உள்ள ஒவ்வொன்றும் ரூட் என்னும் நிர்வாகிக் கணக்கின் பெயரில் இருக்க வேண்டும், வேறு யாருக்கும் எழுதும் உரிமை இருக்கக் கூடாது. இல்லையென்றால் கடவுச்சொல் சரியாக இருந்தாலும் அடுத்த நொடியே வெளியே தள்ளிவிடும்.

ஃபயர்வாலை இன்றைக்கே திரும்ப ஓடவிடுங்கள். 22ஐ முதலில் திறந்துவிட்டு ஓடவிடுங்கள், இல்லையென்றால் நீங்களே வெளியே நிற்பீர்கள். அதன் பிறகும் மறுத்தால், லாகின் கடைசிப் பத்து வரிகளை வெட்டி அப்படியே அனுப்புங்கள். என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்ற பட்டியல் எனக்கு வேண்டாம்.