ஃப்ரீபிபிஎக்ஸ் 16லிருந்து 17: ஓடும் பெட்டியில் கை வைக்காதீர்கள்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் முன்பதிவு அலுவலகம், ஏற்காட்டில் 24 அறை விடுதி. இரண்டுக்கும் சேர்த்து 38 எக்ஸ்டென்ஷன். போன்களை இணைக்கும் ஃப்ரீபிபிஎக்ஸ் மென்பொருளின் 16ஆம் பதிப்பு ஓடுகிறது. 17க்கு மாற்ற இரண்டு நாள் போன் நிற்கும் என்கிறார் சர்வீஸ்காரர். அவ்வளவு நேரம் ஆகுமா?

பதில்: ஆகாது. முன்வேலை சரியாக இருந்தால் 20 நிமிடம், தடுமாறினால் ஒரு மணி நேரம். இரண்டு நாள் என்பது ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியையே (அந்த மென்பொருள் உள்ள கணினியை) அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுபவரின் கணக்கு. உங்கள் 16 நிற்பது சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படையில். அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30ஓடு முடிந்துவிட்டது. 17க்கு டெபியன் 12 என்ற இன்னொரு லினக்ஸ் வேண்டும். பட்டனை அழுத்தி மேலேற்றும் வழி இல்லாததால், இரண்டாவது பெட்டி ஒன்றில் 17ஐ நிறுவி, பழையதன் பேக்கப்பை அதில் ரீஸ்டோர் செய்யுங்கள். 38 எக்ஸ்டென்ஷனுக்கு 4 ஜிபி ரேம் போதும். நெட்வொர்க் கார்டு மட்டும் இரண்டு இருக்கட்டும்: ஒன்று உள் நெட்வொர்க்குக்கு, மற்றது சிப் டிரங்க் லைனுக்கு, அதாவது ஆபரேட்டர் தரும் வெளி அழைப்பு லைனுக்கு.

ரீஸ்டோருக்கு முன் ஒரு காரியம். புதுப் பெட்டியின் தற்காலிக ஐபியிலிருந்து வெளியே போகும் சிப் டிராஃபிக்கை ரவுட்டரில் அடைத்துவிடுங்கள். யூசர்நேம், பாஸ்வேர்டில் பதிவாகும் டிரங்க் ஏதாவது இருந்தால், ரீஸ்டோர் முடிந்ததும் புதுப் பெட்டி தானாகப் போய்ப் பதிவாகிவிடும். பட்டப்பகலில் வாடிக்கையாளர் அழைப்பெல்லாம் யாரும் எடுக்காத பெட்டிக்குப் போகும்.

உண்மையான தலைவலி சேன்-சிப், அதாவது போன்களையும் டிரங்க்கையும் பெட்டியோடு பேச வைக்கும் பழைய டிரைவர். பழைய எக்ஸ்டென்ஷன்கள் பெரும்பாலும் இந்த டிரைவரில்தான் இருக்கும். ஃப்ரீபிபிஎக்ஸுக்குள் அழைப்புகளைக் கையாளும் என்ஜின் ஆஸ்டெரிஸ்க்; அதன் 21ஆம் பதிப்பில் சேன்-சிப்பை அடியோடு நீக்கிவிட்டார்கள், ஆகவே எல்லாம் பிஜேசிப் என்ற புது டிரைவருக்கு மாற வேண்டும். எக்ஸ்டென்ஷனை மாற்ற அதன் அட்வான்ஸ்டு பக்கத்திலேயே பட்டன் உண்டு. டிரங்க்கை மட்டும் கையால் புதிதாக எழுத வேண்டும்.

பலர் கோட்டை விடுவது போர்ட்டில். வழக்கமான அமைப்பில் பிஜேசிப் 5060இல், சேன்-சிப் 5160இல். போன்கள் 5160ஐத் தேடிக்கொண்டிருக்க, புதுப் பெட்டி 5060இல் காத்திருக்கும். ஒரு போனும் பதிவாகாது. 38 போனிலும் போர்ட்டை மாற்றுவது வீண் வேலை. சிப் செட்டிங்ஸில் பிஜேசிப் பகுதிக்குப் போய், உள் நெட்வொர்க் ஐபிக்கு 5160, டிரங்க் வரும் ஐபிக்கு 5060 என்று தனித்தனியாக வையுங்கள். இந்த அமைப்பு ஐபியோடு ஒட்டிக்கொண்டிருப்பது. மாற்றும் இரவில் பெட்டியின் ஐபி மாறியதும் இதைத் திரும்பப் போட வேண்டும். அப்ளை கான்ஃபிக் போதாது, ஆஸ்டெரிஸ்க்கையே ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பேக்கப்பில் நெட்வொர்க் அமைப்பு வராது. டிரங்க் கார்டின் ஐபி, ஆபரேட்டர் தந்த கேட்வே, ஸ்டேட்டிக் ரூட் (டிரங்க் டிராஃபிக் எந்த வழியில் போக வேண்டும் என்ற அமைப்பு) மூன்றையும் பழைய பெட்டியில் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். ரூட்டை மறந்தால் அலுவலகத்துக்குள் பேசலாம், வெளியே ஒரு அழைப்பும் போகாது. குரல் பதிவுகளையும் பேக்கப்பை நம்பி விடாதீர்கள். வேவ் கோப்பு ஒரு மணி நேரத்துக்கு 57.6 எம்பி. நாளுக்கு 20 மணி நேரப் பேச்சு என்றால் 1.15 ஜிபி; 240 ஜிபி டிஸ்க் ஏழு மாதம்கூடத் தாங்காது. முந்தைய வாரமே ஆர்சிங்க் என்ற கருவியில் நகலெடுத்து, அன்றிரவு மிச்சத்தை மட்டும் இழுத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாள்? அலுவலகத்துக்கு லீவு என்று எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்வார்கள். அன்றுதான் ஏற்காட்டில் கூட்டம். டிரங்க்கில் சிக்கல் என்றால் ஆபரேட்டர் பக்கத்தில் ஆள் கிடைப்பதும் கஷ்டம். செவ்வாய் இரவு 11 மணி நல்லது, மறுநாள் முழு வேலைநாள். மே மாத சீசன் பக்கமே போக வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள்.

முந்தைய நாளே போன்களின் பதிவுக் காலத்தை 3600 நொடியிலிருந்து 120க்குக் குறையுங்கள். இல்லாவிட்டால் புதுப் பெட்டி வந்தது தெரியாமல் சில போன்கள் ஒரு மணி நேரம் சும்மா கிடக்கும். இரவில் பழைய பெட்டியை அணைத்து, அதன் ஐபியைப் புதியதற்குக் கொடுத்து, ரவுட்டரில் ஏஆர்பி அட்டவணையை (எந்த ஐபி எந்தப் பெட்டியில் என்ற குறிப்பு) காலி செய்யுங்கள். தவறான பாஸ்வேர்டு வரும் ஐபியைத் தடுக்கும் ஃபெயில்டுபேனின் அனுமதிப் பட்டியலில் ஏற்காட்டு விபிஎன் ஐபி வரம்பைச் சேர்த்துவிடுங்கள். அறை போன்களெல்லாம் ஒரே அனலாக் கேட்வேயில் (சாதாரண போன்களைப் பெட்டியோடு இணைக்கும் கருவி) இருந்தால், ஒரு லைனின் பாஸ்வேர்டு தவறு போதும், 24 அறையும் சேர்ந்து தடைபடும். கேட்வேயை ஆஃப் செய்து ஆன் செய்ய விடுதியில் ஒருவர் விழித்திருக்கட்டும். அதற்காக நள்ளிரவில் 20 கொண்டை ஊசி வளைவு ஏற முடியாது. அந்த நேரத்துக்கு ரிசப்ஷனில் ஒரு மொபைலும் இருக்கட்டும்.

உடனே சோதிக்க வேண்டியவை: வெளியிலிருந்து ஒரு அழைப்பு, வெளியே ஒரு அழைப்பு, இரண்டிலும் இரு பக்கக் குரல். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் குரல் போகும் 10000 முதல் 20000 வரையிலான யூடிபி போர்ட்டையும், சிப் டிராஃபிக்கை ரவுட்டர் தானே திருத்தும் சிப் ஏஎல்ஜி வசதியையும் பாருங்கள். ஏஎல்ஜி ஆனில் இருந்தால் அணையுங்கள். "அறை முன்பதிவுக்கு 1ஐ அழுத்தவும்" என்ற இடத்தில் 1ஐ அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லையா? டிரங்க்கில் டிடிஎம்எஃப் முறை, அதாவது அழுத்திய எண்ணை அனுப்பும் முறை மாறியிருக்கும். அறை போனிலிருந்து 112க்கும் 108க்கும் ஒருமுறை அடித்து, சோதனை அழைப்பு என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

12:30க்குள் சரியாகவில்லை என்றால் புதியதை அணைத்துப் பழையதை ஆன் செய்யுங்கள், ஐந்து நிமிடத்தில் பழைய நிலை. அதற்காகவே பழைய பெட்டியை ஒரு மாதம் வைத்திருங்கள், ஆனால் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி. கரண்ட் போய் வந்ததும் தானே ஆன் ஆகும்படி பயாஸில் அமைத்த பெட்டிகள் நிறைய. கேபிள் மாட்டியிருந்தால் ஒரே ஐபியில் இரண்டு பெட்டிகள் மோதும். பாதி போன் ஒன்றில், மீதி இன்னொன்றில் பதிவாகும்.