அந்தக் குரலுக்கு வயதே ஆகவில்லையே!

கேள்வி: எனக்கு 56 வயது. பாடகர் பி.ஜெயச்சந்திரன் இறந்த செய்தி வந்த அன்று அழுதுவிட்டேன். ‘அவர் என்ன நம்ம சொந்தக்காரரா?’ என்று மகள் கேட்டாள். மனைவி சிரித்தார். கல்லூரி விடுதியில் நானும் என் அறைத் தோழனும் அவர் பாட்டு கேஸட்டைத் தேயத் தேயக் கேட்டவர்கள். தோழனோடு இப்போது தொடர்பே இல்லை. செய்தியில் ஜெயச்சந்திரனின் படத்தைப் பார்த்ததும், ‘இவ்வளவு வயதாகிவிட்டதா இவருக்கு?’ என்று திக்கென்றது. இன்றுவரை அந்தப் பாட்டுகளைப் போட்டுக் கேட்க மனம் வரவில்லை. இது ஏதாவது மனக்கோளாறா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

கோளாறும் இல்லை, வெட்கப்பட வேண்டிய விஷயமும் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அழுகை அல்ல, அந்தப் படத்தைப் பார்த்துத் திக்கென்றது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

நடிகர்கள் நம் கண்ணெதிரே நரைக்கிறார்கள். பின்னணிப் பாடகரின் விஷயம் அப்படி இல்லை. திரையில் வாயசைப்பவர் வேறொருவர். நமக்குக் கிடைப்பது குரல் மட்டும், அதுவும் பதிவான அன்றைக்கு இருந்த குரல். ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் ‘ராசாத்தி உன்ன’ என்று அவர் எடுக்கும்போது வருடம் 1984. அவருக்கு நாற்பது வயது. நீங்கள் கேஸட்டைத் திருப்பித் திருப்பிப் போட்ட ஒவ்வொரு முறையும் அவருக்கு நாற்பதுதான். 2025 ஜனவரி 9ஆம் தேதி, எண்பது வயதில் இறந்த பெரியவரின் படத்தை அந்தக் குரலோடு உங்கள் மனம் சேர்க்க மறுக்கிறது. அவர் வாழ்ந்து முதிர்ந்த நாற்பது ஆண்டுகளும் ஒரே நாளில் உங்கள் தலையில் இறங்கியிருக்கின்றன. திக்கென்று இல்லாமல் எப்படி இருக்கும்?

‘வைதேகி காத்திருந்தாள்’ என்ற அந்த ஒரு சினிமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘இன்றைக்கு ஏன் இந்த’ என்று அவரோடு சேர்ந்து பாடிய வாணி ஜெயராம் 2023 பிப்ரவரியில் போனார். ‘ராசாத்தி’க்குத் திரையில் முகம் கொடுத்த விஜயகாந்த் அதே ஆண்டு டிசம்பரில் போனார். பிறகு ஜெயச்சந்திரன். இரண்டே ஆண்டுக்குள் மூன்று பேர். உங்கள் வயதுக்காரர்களுக்கு இது வரிசையாக விழுகிற அடி. எஸ்.பி.பி. ஐம்பது நாள் மருத்துவமனையில் கிடந்து 2020 செப்டம்பர் 25 அன்று மறைந்தபோது, கொரோனா காலம் என்பதால், போய்ப் பார்க்கக்கூட வழியில்லாமல் எத்தனையோ பேர் வீட்டுக்குள்ளேயே அழுது தீர்த்தார்கள். அவர்களில் யாரும் அவருக்குச் சொந்தக்காரர் இல்லை.

சுற்றியிருப்பவர்கள் ‘இதற்கெல்லாமா அழுவார்கள்?’ என்று ஒதுக்கும் துக்கத்தைப் பற்றி கென்னத் டோகா என்ற அமெரிக்க அறிஞர் 1989இல் ஒரு புத்தகமே தொகுத்து வெளியிட்டார். உறவுமுறை என்ற சீட்டு இல்லாதவரின் துக்கத்தை ஊர் மதிப்பதில்லை, அதனாலேயே அது இன்னும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. மகள் மேல் வருத்தம் வேண்டாம். அவள் கேட்டது நியாயமான கேள்வி, பதில்தான் இன்னும் அவளுக்குக் கிடைக்கவில்லை. விடுதி அறை, கேஸட், அந்த நண்பர் எல்லாவற்றையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். அப்பாவுக்கு இருபது வயதில் ஒரு வாழ்க்கை இருந்தது என்பது பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை.

இனி, பாட்டு. உங்களைக் குத்துகிற அந்தப் பாட்டில் தொடங்காதீர்கள், அது கடைசியில் வரட்டும். முதலில் 1976இல் வந்த ‘மூன்று முடிச்சு’ படத்தின் ‘வசந்த கால நதிகளிலே’. அடுத்து 1993இல் ‘கிழக்குச் சீமையிலே’ படத்தின் ‘கத்தாழங் காட்டு வழி’. பிறகு 2002இல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் சின்மயியோடு அவர் பாடிய ‘ஒரு தெய்வம் தந்த பூவே’. இந்த வரிசையில் கேட்டால், அவருக்கு வயதாவதைக் காதாலேயே கேட்கலாம். முதலாவதில் காதலனாக இருக்கும் குரல் கடைசியில் தகப்பனாகிவிடும். குரல் கனத்திருக்கும், கனிவு மட்டும் அப்படியே இருக்கும். நீங்கள் பார்க்காமல் விட்ட வருடங்களை இப்படிப் பார்த்துவிட்டால், செய்தியில் வந்த படத்தில் இருந்த முகமும் அந்தக் குரலுக்கு உரியதாகிவிடும். பிறகு ‘ராசாத்தி’யைப் போடுங்கள். அழுகை வந்தால் வரட்டும்.

ரசிகராக அவருக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜெயச்சந்திரன் பாடியதை யேசுதாஸ் பாட்டு என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படி யாராவது சொன்னால், ‘இது ஜெயச்சந்திரன்’ என்று மரியாதையாகத் திருத்துங்கள். கூடவே ஒரு தகவலும் சொல்லுங்கள்: 1958இல் கேரளப் பள்ளி மாணவர்களுக்கான மாநிலக் கலைவிழாவில் வாய்ப்பாட்டில் முதல் பரிசு யேசுதாஸுக்கு, மிருதங்கத்தில் முதல் பரிசு ஜெயச்சந்திரனுக்கு. இருவரும் சேர்ந்து அமர்ந்து பாடியும் வாசித்தும் இருக்கிறார்கள். அவர் பாட்டில் தாளம் அவ்வளவு இயல்பாக உட்காருவது ஏன் என்று அப்போது புரியும். நடிகர் விவேக் மறைந்தபோது அவர் ரசிகர்கள் மரக்கன்று நட்டார்கள், அவர் வாழ்நாளில் செய்த வேலை அது. பாடகருக்கு அவர் பாட்டை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வதுதான் அப்படிப்பட்ட மரியாதை என்று நான் நம்புகிறேன்.

தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் வாரக்கணக்கில் கெட்டுக் கிடந்தால் மட்டும் தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிவது அந்த அறைத் தோழர்தான். சண்டை என்று நீங்கள் எழுதவில்லை, தொடர்பு விட்டுப்போயிற்று என்றுதான் தெரிகிறது. பாடகருக்காக நீங்கள் அழுததில் ஒரு பங்கு இவருக்கானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஜெயச்சந்திரனை இனி யாரும் கூப்பிட்டுப் பேச முடியாது, இவரைக் கூப்பிடலாம். கூடப் படித்தவர்கள் நாலு பேரிடம் விசாரித்தால் எண் கிடைத்துவிடும். இத்தனை வருடம் கழித்து என்ன பேசுவது என்று தயங்க வேண்டாம். அன்று செய்தியைக் கேட்டதும் என்ன செய்தாய் என்று கேளுங்கள், மீதியை அவரே பேசுவார்.