பெரிய ஆற்று மீனைப் போராடிப் பிடித்துவிட்டு மறுபடி ஆற்றிலேயே விடுவதில் என்ன சுகம்?

தின்பதற்கு இல்லை என்றால் எதற்கு இந்த வேலை என்று என் வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த காவிரி மஹ்சீரை, கெண்டைக் குடும்பத்துப் பெரிய ஆற்று மீனை வைத்தே சொல்கிறேன்.

கர்நாடகத்தில் சிவனசமுத்திர அருவிக்கும் மேகதாதுவுக்கும் நடுவில் பீமேஸ்வரி, காலிபோரே என்று தூண்டில்காரர்களுக்கான முகாம்கள் இருந்தன. பிடித்த மீனைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. இரை என்ன தெரியுமா, கேழ்வரகு மாவைப் பிசைந்து வேகவைத்த உருண்டை! அதை முள்ளில் கோத்து மடுவில் வீசிவிட்டுப் பாறையில் உட்கார வேண்டியதுதான். பெரும்பாலான நாள் ஒன்றும் நடக்காது, வெயில்தான் காயும்.

நடக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது. தூண்டில் நரம்பு லேசாகத் துடிக்கும், அப்புறம் அதைச் சுற்றி வைத்திருக்கும் ரீல் அலறும். எனக்கு மாட்டியது இருபது கிலோவைத் தாண்டும், முதல் ஓட்டத்திலேயே பாதி நரம்பை உருவிக்கொண்டு போய்விட்டது. ரீலை இறுக்கினால் அறுந்துவிடும், தளர்த்தினால் பாறை இடுக்கில் போய்ப் படுத்துக்கொள்ளும். படுத்துக்கொண்டது. கூட இருந்த அண்ணன், "சார், இழுக்காதீங்க, கம்புல விரலை மட்டும் வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பரிசலைத் தள்ளினார். பாறைக்கு அந்தப் பக்கம் போய் வேறு கோணத்தில் இழுத்ததும்தான் அது நகர்ந்தது. அந்த நேரம் முழுக்க நரம்பு பாறையில் உரசுவது விரலில் தெரிந்துகொண்டே இருந்தது. நாம் தோற்கலாம் என்பது அவ்வளவு நிச்சயமாகத் தெரிகிற விளையாட்டு வேறு எனக்குக் கிடைத்ததில்லை.

கரைக்கு வந்ததோடு முடிந்தது என்று நினைத்தால், பாதிதான் முடிந்திருக்கிறது. இவ்வளவு இழுபறிக்குப் பிறகு மீனின் தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்து அது துவண்டுபோயிருக்கும். அப்படியே தள்ளிவிட்டால் கவிழ்ந்து மிதந்து செத்துப்போகலாம். செவுளில் விரல் விடக் கூடாது, காய்ந்த கையால் தொடக் கூடாது, தூக்கித் தொங்கவிட்டு போட்டோ எடுக்கவே கூடாது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, வயிற்றுக்கடியில் கை கொடுத்துக் காத்திருக்க வேண்டும். உள்ளங்கை அகலத்துக்குச் செதில், ஆரஞ்சு நிற வால், முதுகில் திமில். செவுள் மெதுவாகத் திறந்து மூடும். திடீரென்று வால் ஒரு அடி அடிக்கும், முகமெல்லாம் தண்ணீர், மீன் இருக்காது. பிடித்தபோது கத்தியதைவிட அப்போதுதான் நான் அதிகமாகக் கத்தினேன்.

இதில் மீனுக்கு வலியே இல்லை, இது ஜீவகாருண்யம் என்றெல்லாம் பீற்றிக்கொள்ள மாட்டேன். நம் சந்தோஷத்துக்காக அதைப் படுத்துகிறோம், அவ்வளவுதான். ஆனால் அந்த முகாம்கள் இருந்த வரை ஆற்றில் வெடி போட்டு மீன் பிடிப்பவர்கள் அந்தப் பக்கம் சுலபமாக வர முடியவில்லை என்பதும் நிஜம். இன்னொன்றும் உண்டு. பிடித்து விட்ட மீன்களை முகாமில் நோட்டில் எழுதி வைத்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்புகளை ஆய்வாளர்கள் அலசியபோதுதான், காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் சரசரவென்று குறைந்ததும், பண்ணையில் பொரித்து ஆற்றில் விடப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் என்ற வேறு இனம் பெருகியதும் தெளிவாகத் தெரிந்தது. நல்லெண்ணத்தில் குஞ்சு விட்டவர்கள், காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீனுக்குப் போட்டியைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அந்த மீனின் அறிவியல் பெயர் தோர் ரெமாதேவி என்பதே 2018-இல்தான் உறுதியானது. அதே ஆண்டு அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் இந்த ஆறுகள் எப்படி இருந்தன என்பதற்கு, 1946-இல் காவிரியின் துணையாறான கபினியில் 120 பவுண்டு மஹ்சீர் பிடித்த கதையை மைசூர்ப் பக்கம் இன்னும் சொல்வார்கள்.

இப்போது அங்கே தூண்டில் போட முடியாது, வனவிலங்குச் சரணாலயம் என்பதால் 2012 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். ஆசை இருந்தால் இமாச்சலத்தில் மீன்வளத் துறை அனுமதிச்சீட்டு தருகிறது, பியாஸ் ஆற்றில் தங்க மஹ்சீர் உண்டு. போவதாக இருந்தால் தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டுப் போங்கள், கழற்றுவது சுலபம். ஒன்றிரண்டு மீன் தப்பித்துப் போகும், போகட்டும், எப்படியும் விடத்தானே போகிறீர்கள்.