மட்டி மூத்திரம் போகுமா? – விலங்கியல் சாரிடம் கேளுங்கள்

குளச்சல் மாணவி: சார், மணல்ல புதைஞ்சு கிடக்கிற ரெட்டை ஓட்டுச் சிப்பியான மட்டி சிறுநீர் கழிக்குமா?

கழிக்கும் மக்ளே. இதயத்தைச் சுத்தி ஒரு பை உண்டு. ரத்தத்துல உள்ள நீர் இதயச் சுவர் வழியா அதுக்குள்ள வடியும். அதை ரெண்டு சிறுநீரகம் வாங்கி, வேண்டியதை எடுத்துக்கிட்டு மிச்சத்தைச் செவுளுக்கு மேல உள்ள அறைக்கு விடும். ஒரு கண்ணாடிப் பாத்திரத்துல கடல் மண்ணும் தண்ணியும் வச்சு மட்டியை விட்டுப் பாருங்க: புதைஞ்ச பிறகு ரெண்டு குழாய் முனை மட்டும் வெளியே நீட்டும். ஒண்ணு தண்ணியை உள்ள இழுக்க, மத்தது வெளியே தள்ள. கழிவு போற பாதை அந்த ரெண்டாவதுதான். ஆனா புரதம் சிதைஞ்சு வர்ற நைட்ரஜன் கழிவுல நல்ல பங்கு சிறுநீரகம் பக்கமே போகாது. செவுள் வழியாவே அமோனியாவா கடல்ல கரைஞ்சிரும்.

ராஜாக்கமங்கலம் வாசகர்: அமோனியா விஷமாச்சே! நம்மள மாதிரி யூரியாவா மாத்தினா என்ன?

அதுக்குச் சக்தி செலவாகும். சுத்திலும் கடல் இருக்கும்போது வீண் செலவு எதுக்கு? கொஞ்சம் யூரியா, அமினோ அமிலமும் விடத்தான் செய்யும். மழைக்கு உங்க வாழையில ஏறுற நத்தையும் மட்டி மாதிரி மெல்லுடலிதான், அதாவது எலும்பில்லாத மெத்து உடம்புக்காரன். ஆனா அது தண்ணியை மிச்சம் பிடிக்க யூரிக் அமிலமா கெட்டியா கழிக்கும்.

முட்டம் அக்கா: மண் கக்கட்டும்னு மட்டியை ராத்திரி வாளித் தண்ணியில போட்டேன். காலையில பாதி செத்து ஒரே நாத்தம்.

வாளி நிறைய அள்ளிப் போட்டிருப்பீங்க. அத்தனையும் விடுற அமோனியா அந்தக் கொஞ்சத் தண்ணியிலேயே தங்கும், ஆக்சிஜனும் தீரும். ஒண்ணு செத்து அழுகினா மத்ததுக்கும் கேடு. சூடு கூடக்கூட கழிவும் கூடும். அகலப் பாத்திரத்துல, நிழல்ல, கடல் தண்ணியை மாத்தி மாத்தி வையுங்க. கிணத்துத் தண்ணி கூடாது. வாய் பிளந்து, தட்டினாலும் மூடாததைத் தூரப் போடுங்க.

மணவாளக்குறிச்சி மீனவர்: இவ்வளவு கழிவு விட்டா கரைக்கடல் கெடாதா சார்?

கெடாது அண்ணே, அது உரம். அலையில மிதக்கிற நுண்பாசி, தண்ணியில அமோனியமா மாறின அமோனியாவை உறிஞ்சி வளரும். அந்தப் பாசியைத்தான் மட்டி திரும்ப வடிச்சுத் தின்னுது. மணலுக்குள்ள உள்ள பாக்டீரியா இன்னொரு பங்கை முதல்ல நைட்ரைட்டா, பிறகு நைட்ரேட்டா மாத்தும்.

நாகர்கோவில் கல்லூரி மாணவர்: பட்டினி கிடந்தா கழிவு நின்னுருமா?

நிக்காது. சொந்தச் சதையில உள்ள புரதத்தையே கரைச்சுப் பிழைக்கும், அப்பவும் அமோனியா வரும். உட்கொள்ற ஆக்சிஜன், விடுற நைட்ரஜனைப் போல எத்தனை மடங்குன்னு ஆய்வாளர்கள் அளந்து பார்ப்பாங்க. அந்த விகிதம் ரொம்பக் குறைஞ்சா மட்டி தன் உடம்பையே தின்னுதுன்னு கணக்கு.