ட்ரயல்ஸ் பைக் ஆசை: விழுவதற்கும் பணம் ஒதுக்கிவிட்டு வாங்குங்கள்

கேள்வி: வணக்கம் சார். வயது 27. சேலம் கோரிமேட்டில் வீடு, ஊருக்கு வெளியே ஒரு கம்பெனியில் வேலை. போய்வர தினமும் 28 கி.மீ. கைக்கு வரும் சம்பளம் 34,000 ரூபாய். வீட்டுக்கு 15,000, ஏலச்சீட்டுக்கு 5,000, என் செலவு 7,000 போக 7,000 மிஞ்சுகிறது. வங்கி டெபாசிட் 1,40,000 இருக்கிறது. நானும் அம்மாவும்தான், என் சம்பளத்தைத் தவிர வேறு வருமானம் இல்லை. ஏற்காடு நாகலூர் பக்கம் மாமாவுக்குக் காபித் தோட்டம் உண்டு. பாறையிலும் மேட்டிலும் காலை ஊன்றாமல் ஏறுகிற ட்ரயல்ஸ் ஓட்டக் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆசை. இதுவரை பழைய ஸ்ப்ளெண்டரைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. உயரம் 5 அடி 4 அங்குலம். நான்கு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். பெங்களூரில் ஒருவர் ஸ்பெயின் நாட்டு ட்ரயல்ஸ் வண்டியை 2,40,000-க்குத் தருகிறார், ஆர்.சி. கிடையாது. புது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210 ஆன்ரோடு 2,05,000. 55,000 கட்டினால் மீதிக்கு 10 சதவீத வட்டியில் மூன்று வருடக் கடன். 2019 மாடல் புல்லட் ட்ரயல்ஸ் 350 ஒன்று 1,30,000. தெரிந்தவரிடம் எக்ஸ்பல்ஸ் 200 ஃபோர்வால்வ் 88,000. ஸ்ப்ளெண்டரை 25,000-க்குக் கேட்கிறார்கள். லட்ச ரூபாய் சீட்டு, இருபதில் எட்டு மாதம் கட்டியாகிவிட்டது. இப்போது தள்ளி எடுத்தால் 78,000 வரும். அம்மா வளையலை வைத்துக்கொள்ளச் சொல்கிறார். எதை வாங்குவது, பணத்துக்கு எதைத் தொடுவது?

பதில்: எக்ஸ்பல்ஸ் 200. ஆனால் இந்த மாதம் வேண்டாம். நான்கு மாதம் கழித்து, கடன் இல்லாமல். சீட்டையும் வளையலையும் தொட வேண்டாம்.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம். புதிதாக மண்ணில் ஓட்டுகிறவர் விழுவார். வேகத்தில் அல்ல, நடக்கிற வேகத்தில். சாய்த்துத் திருப்பும்போது, மேட்டில் பாதியில் என்ஜின் நின்றுபோகும்போது. ஒவ்வொரு விழுகையும் ஒரு கிளட்ச் லீவர், ஒரு கண்ணாடி, ஒரு இண்டிகேட்டர், சில நேரம் ஹேண்டில்பார். வண்டி விலையை மட்டும் கணக்குப் போட்டு வாங்குகிறவர்கள் முதல் இரண்டு விழுகைக்குப் பிறகு பயந்துபோய்ச் சாலையிலேயே ஓட்டிவிட்டு, ஒரு வருடத்தில் விற்றுவிடுகிறார்கள். உங்களுக்கு நான் தேடுவது, விழுந்தால் வயிறு கலங்காத வண்டி. அந்தக் கண்ணால்தான் நான்கையும் பார்த்தேன்.

பெங்களூர் வண்டியிலிருந்து தொடங்குகிறேன், மனசு அங்கேதான் இருக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. அசல் ட்ரயல்ஸ் வண்டி அற்புதமான பொருள், சந்தேகமில்லை. எடை எழுபது கிலோவை ஒட்டி, உட்கார சீட் இல்லை, டேங்கில் இரண்டு மூன்று லிட்டர்தான் பிடிக்கும். போட்டியில் வேகத்துக்கு மதிப்பே கிடையாது. கால் தரையில் பட்டால் ஒரு புள்ளி கழிவு, ஒரு பகுதியை முடிக்க முடியாமல் போனால் ஐந்து. ஸ்பெயினின் மோன்டேசா, காஸ்காஸ், இத்தாலியின் பீட்டா போன்ற பெயர்கள் இந்த உலகத்தில் பெரியவை. 5 அடி 4 அங்குலக்காரருக்கு இவ்வளவு தாழ்வான, லேசான வண்டி சொர்க்கம் மாதிரித் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அதில் நீங்கள் வேலைக்குப் போக முடியாது. பதிவெண் இல்லாததால் கோரிமேட்டிலிருந்து அடிவாரம்வரைகூட ஓட்ட முடியாது. இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் குட்டியானை பிடித்து ஏற்ற வேண்டும். தோட்டத்திலேயே விட்டுவைக்கலாம் என்பீர்கள். மலை ஈரத்தில் வாரக்கணக்கில் நிற்கிற டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு கார்புரேட்டர் அடைப்பும் துருவும் வாடிக்கை. கிளட்ச் பிளேட், பிளாஸ்டிக், பிரேக் பேட் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். இதெல்லாம் தொல்லை, உண்மையான ஆபத்து வேறு. சுங்க வரி கட்டிய இறக்குமதி ஆவணம் இல்லாத வண்டி என்றால், யார் கையில் இருக்கிறதோ அவரிடமிருந்து சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம். ‘பேப்பர் பிறகு பார்த்துக்கலாம்’ என்று சொல்லி விற்கப்படும் எதற்கும் 2,40,000 கொடுக்காதீர்கள். உங்கள் மொத்தச் சேமிப்பையும் தாண்டிய தொகை அது, திரும்ப விற்க ஆள் தேடினால் இந்தியா முழுக்க விரல்விட்டு எண்ணலாம்.

புல்லட் ட்ரயல்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயருக்கு வரலாறு உண்டு: ஸ்காட்லாந்தில் 1909-லிருந்து நடக்கும் ஆறு நாள் ட்ரயல்ஸை 1952-ல் ஜானி பிரிட்டன் புல்லட்டில்தான் வென்றார். அந்த நினைவில் ராயல் என்ஃபீல்டு 2019-ல் இங்கே கொண்டுவந்தது, அடுத்த ஆண்டே நிறுத்திவிட்டது. பார்க்க அழகு. 180 கிலோவைத் தாண்டும் வண்டியைக் காபிச் செடிகளுக்கு நடுவே தனியாளாக நிமிர்த்திப் பாருங்கள், அழகு மறந்துவிடும். என்ஜின் பாகம் எங்கும் கிடைக்கும். மேலே தூக்கிய சைலன்சர் மாதிரி அந்த மாடலுக்கே உரியவை நெளிந்தால் அலைய வேண்டும். சேர்த்து வைக்கிறவர்களுக்கு ஏற்ற வண்டி. 

புது எக்ஸ்பல்ஸ் 210 நல்ல வண்டி. கடன்தான் சரியில்லை. ஷோரூமில் சொன்ன ‘10 சதவீதம்’ ஃப்ளாட் வட்டியா, குறைந்துவரும் நிலுவைக்கா என்று கேட்டீர்களா? 1,50,000-க்கு ஃப்ளாட் என்றால் மூன்று வருட வட்டி 45,000, தவணை 5,417. அசலில் பாதியைத் திருப்பிக் கட்டிய பிறகும் முழு அசலுக்கே வட்டி ஓடிக்கொண்டிருக்கும். குறைந்துவரும் நிலுவைக் கணக்கில் சொன்னால் இது கிட்டத்தட்ட 18 சதவீதம். உண்மையிலேயே நிலுவைக்கு 10 சதவீதம் என்றால் தவணை சுமார் 4,840, மொத்த வட்டி சுமார் 24,000. ஒரே ‘10 சதவீதம்’, வித்தியாசம் இருபதாயிரத்துக்கு மேல். இருசக்கர வாகனக் கடனில் வாயால் சொல்லும் சதவீதத்தை நம்பாமல் தவணையை மாத எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள்.

மாதம் மிஞ்சுவது 7,000. தவணை 5,417 போனால் 1,583. ஸ்ப்ளெண்டருக்கு லிட்டருக்கு 60 கி.மீ., இந்த மாதிரி வண்டிக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். வேலைக்கு மட்டும் மாதம் 700 கி.மீ. ஓடினால் ஆறு லிட்டர் கூடுதலாகக் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்றாலும் 600. கையில் ஆயிரம் ரூபாய்கூடத் தேறாது. அதை வைத்துக்கொண்டு விழுந்து பழக முடியுமா? புது வண்டியின் பெயின்ட்டில் முதல் கீறல் விழுந்த அன்றே பயிற்சியை நிறுத்திவிடுவீர்கள். லீவர் உடைந்ததற்கெல்லாம் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் போட்டால், ஒரு வருடம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டினால் கிடைக்கும் 20 சதவீதச் சலுகையும் போய்விடும்.

ஆக மிஞ்சுவது எக்ஸ்பல்ஸ் 200. முன்சக்கரம் 21 அங்குலம், தரை இடைவெளி 220 மி.மீ., எடை 160 கிலோவுக்குள். வார நாளில் வேலைக்குப் போகும், ஞாயிறு தோட்டத்து மண்ணில் ஏறும், சர்வீசுக்கு எங்கும் ஹீரோ ஷோரூம் இருக்கிறது. சீட் உயரம் 825 மி.மீ. என்பது உங்களுக்குக் கொஞ்சம் உறுத்தும். இரண்டு காலும் முழுசாகப் பதியாது. வாங்கும் முன் நீங்கள் தோட்டத்தில் போடப்போகும் பூட்ஸையே மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு காலை ஊன்றி நிறுத்திப் பாருங்கள். தாழ்வாக இருக்கிறதே என்று 200டி மாடலை எடுத்துவிடாதீர்கள், அது சாலைக்கான வண்டி.

பணக்கணக்குக்கு வருவோம். உங்கள் மாதச் செலவு சீட்டையும் சேர்த்து 27,000. ஒரே சம்பளத்தில் ஓடும் வீடு என்பதால் மூன்று மாதச் செலவு 81,000 டெபாசிட்டிலேயே கிடக்கட்டும். மிச்சம் 59,000. நான்கு மாதம் 7,000 சேர்த்தால் 28,000. ஸ்ப்ளெண்டர் விற்று 25,000. ஆக 1,12,000. வண்டிக்கு 88,000-மே கொடுத்தாலும் 24,000 மிஞ்சும். அதில் 15,000 பூட்ஸ், முழங்கால் காப்பு, கையுறைக்கு. மீதி விழுகைக்கு, அதன் பிறகு மாதம் 2,000 அதற்கென்றே தனியாக. அதற்குள் அந்த வண்டி விற்றுவிடுமே என்றால், விற்கட்டும். இந்த மாடல் செகண்ட்ஹேண்டில் வந்துகொண்டேதான் இருக்கும்.

சீட்டைத் தள்ளி எடுப்பது ஏன் வேண்டாம் என்றால், கடைசிவரை பொறுத்தால் கமிஷன் 5,000 போக 95,000 வரும். இப்போது 78,000. எப்படி இருந்தாலும் பாக்கி பன்னிரண்டு தவணையும் நீங்கள் கட்டத்தான் போகிறீர்கள். ஒரு வருடம் முன்னால் வாங்க 17,000 என்றால் 22 சதவீத வட்டிக்குச் சமம். ஷோரூம் கடனைவிட மோசம். மற்றவர்கள் தள்ளி எடுக்கும்போது உங்களுக்குக் கசர் (தள்ளிய தொகையில் உங்கள் பங்கு) வரும், அதை வாங்கிக்கொண்டு இருங்கள். (சீட்டு பதிவு செய்யப்பட்டதா என்று பாஸ்புக்கில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.) நகைக்கடனுக்கு வட்டி குறைவுதான், ஆனால் அந்த வளையல்தான் உங்கள் வீட்டின் கடைசிக் கையிருப்பு. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அதற்கு வையுங்கள்.

நான்கு மாதம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ட்ரயல்ஸின் அடிப்படை முழுவதும் மெதுவாக ஓட்டுவதுதான், அதை ஸ்ப்ளெண்டரிலேயே பழகலாம். பூட்ஸையும் கையுறையையும் முதல் மாதமே வாங்கிவிடுங்கள். தோட்டத்தில் சமதரையில் இரண்டு கல்லை வைத்து எட்டு போடுங்கள். அரை கிளட்ச், பின்பிரேக்கில் லேசான அழுத்தம், கண் போகிற இடத்தில். பிறகு ஃபுட்ரெஸ்ட்டில் நின்றபடி அதையே. இதில் விழுந்தால் செலவு நூறு, இருநூறு. மாமாவிடம் இடம் கேட்டு வாங்குங்கள்: காபிச் செடியின் உறிஞ்சு வேர்கள் மேல்மண்ணிலேயே பரவியிருக்கும், வரிசைக்கு நடுவே டயர் ஓடினால் அவருக்கு நஷ்டம். பழம் பறிக்கும் மாதங்களில் ஆள் நடமாட்டமும் இருக்கும். தோட்ட எல்லை தாண்டிக் காப்புக்காட்டுக்குள் வண்டியை விடாதீர்கள், வனத்துறை வழக்கின் செலவு நம் கணக்கில் இல்லை.

இன்ஷூரன்ஸில் இரண்டு விஷயம். வாகன பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்று ஒரு பகுதி உண்டு. ரேஸ், வேகச் சோதனையோடு ரிலையபிலிட்டி ட்ரயல்ஸ் என்பதையும் பெயர் சொல்லியே விலக்கியிருப்பார்கள். போட்டியில் கலந்துகொண்டு விழுந்தால் வண்டிக்கு ஒரு ரூபாய் வராது. உடம்பு விஷயம் இதைவிட முக்கியம். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் உங்கள் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? வாகன பாலிசியோடு வரும் 15 லட்ச தனிநபர் விபத்துக் காப்பீடு மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் தரும் தனி விபத்து பாலிசி ஒன்று எடுங்கள். சாகச விளையாட்டு விலக்கு எப்படி எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மருத்துவக் காப்பீட்டில் இந்த விலக்கு பொதுவாகத் தொழில்முறை வீரர்களுக்குத்தான், உங்களைத் தொடாது.

வாங்கும் நாளில் பேஷ் பிளேட்டை (என்ஜினுக்கு அடியில் இருக்கும் காப்புத் தகடு) குனிந்து பாருங்கள். அங்கே அடி இருந்தால் வண்டி மண்ணில் உழைத்திருக்கிறது. தப்பில்லை, ஆனால் ஃபோர்க் சீல் (முன் ஷாக் அப்சார்பரின் ஆயில் சீல்) ஒழுகல், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) ஆட்டம், ஸ்போக்ஸ் தளர்வு மூன்றையும் பார்க்காமல் பணம் எண்ணாதீர்கள். ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால் கடன் தீர்ந்தது என்ற என்.ஓ.சி.யும் படிவம் 35-ம், பெயர் மாற்ற 29, 30. அபராத பாக்கி இருக்கிறதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்க்கலாம். வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். சைலன்சர், ஹேண்டில்பார் என்று மாற்றியிருந்தால் கம்பெனி சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய்வரை அபராதம் வரலாம்.

விலை பேசும்போது அவர் பழைய பில்லைக் காட்டி ‘எனக்கே இவ்வளவு ஆச்சு’ என்பார். அவர் வாங்கியபோது ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பரிலிருந்து 350 சிசிவரை 18 தான். புது வண்டியே விலை குறைந்தபிறகு பழைய பில்லுக்கு மதிப்பில்லை. 80,000-த்தில் பேச்சைத் தொடங்குங்கள், ஃபோர்க் சீல் ஒழுகினால் அதைச் சொல்லி இன்னும் இறக்குங்கள்.