கோடாலி இரண்டு பேரிடமும் இருந்ததா?

கேள்வி: ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு டெலிவரி தாமதமானபோது, டொரன்டோவில் இருக்கும் சக ஊழியர்தான் காரணம் என்று மேனேஜர் உட்பட எல்லோருக்கும் மெயில் போட்டுவிட்டேன். பிறகுதான் தவறு என் பக்கம் என்று தெரிந்தது. அதிலிருந்து அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ‘லெட் அஸ் பெரி த ஹாட்செட்’ என்று அவருக்கு எழுதலாமா? அதன் சரியான பொருள் என்ன?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: பகையை விட்டுவிட்டுச் சமாதானமாகப் போவது என்று பொருள். ஹாட்செட் என்றால் ஒரு கையால் வீசக்கூடிய சின்னக் கோடாலி. அதைப் புதைத்துவிடுவோம் என்கிறது தொடர். ஆனால் உங்கள் மெயிலுக்கு இது வேண்டாம். காரணம், இது பிறந்த இடத்திலேயே இருக்கிறது.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த பூர்வகுடிகள் ஆயுதத்தை நிஜமாகவே புதைத்தார்கள். மொஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனகா என்ற ஐந்து இனங்கள் தங்களுக்குள் ஓயாமல் நடந்த சண்டையை நிறுத்திவிட்டு ஒரே கூட்டமைப்பானதைப் பற்றி அவர்களிடம் ஒரு வரலாறு வழங்கி வருகிறது. ஒரு பெரிய வெண்பைன் மரத்தை வேரோடு பெயர்த்து, அந்தக் குழிக்குள் எல்லோரும் ஆயுதங்களைப் போட்டு, மேலே மறுபடி மரத்தை நட்டார்களாம். கவனியுங்கள், எல்லோரும் போட்டார்கள்.

ஆங்கிலேயர்கள் இந்தச் சடங்கைப் பற்றி எழுதிவைத்த பழைய குறிப்புகளில் ஒன்று, 1680இல் பாஸ்டனைச் சேர்ந்த சாமுவேல் சூவல் எழுதியது. மொஹாக்குகளோடு தகராறு வந்து, ஆங்கிலேயர் தரப்பில் மேஜர் பின்சன் என்பவர் ஆல்பனிக்குப் போய்ப் பேசி முடித்தார். முடிவில் இரண்டு கோடாலிகளைப் புதைத்தார்கள்: ஆங்கிலேயருக்காக ஒன்று, மொஹாக்குகளுக்காக ஒன்று. எழுதிக் கையெழுத்திடும் ஒப்பந்தத்தைவிட மொஹாக்குகளை இதுதான் அதிகம் கட்டுப்படுத்தும் என்றும் சூவல் குறித்திருக்கிறார்.

இன்றைய பேச்சு வழக்கிலும் அந்தக் கணக்கு மாறவில்லை. அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்தின் ஜார்ஜ்டவுனில், தேர்தல் முடிந்த இரண்டாம் நாள் ‘ரிட்டர்ன் டே’ கொண்டாடுகிறார்கள். ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே குதிரை வண்டியில் ஊர்வலம் வருவார்கள். கட்சித் தலைவர்கள் சேர்ந்து ஒரு கோடாலியை மணல் பெட்டிக்குள் புதைப்பார்கள். பிரசாரத்தில் இரண்டு பக்கமும்தானே திட்டிக்கொண்டார்கள், அதனால் அங்கே பொருத்தம். நீண்ட நாள் மோதிக்கொண்ட இரண்டு நடிகர்கள், இரண்டு கிரிக்கெட் வீரர்கள் ராசியானாலும் இப்படி எழுதலாம்.

உங்கள் விஷயத்தில் கோடாலி உங்கள் கையில் மட்டும்தான் இருந்தது. அடி வாங்கியவரிடம் போய் ‘வாங்க, ரெண்டு பேரும் புதைப்போம்’ என்றால் அவருக்கு எரிச்சல்தான் வரும். சண்டை போட்டதில் அவருக்கும் பங்கு உண்டு என்று நீங்கள் சொல்வதாகவே அவர் எடுத்துக்கொள்வார்.

சூவலின் கதையே இதற்கு உதவும். 1692இல் அமெரிக்காவின் சேலத்தில் (நம்மூர் சேலம் அல்ல) சூனியம் செய்ததாகப் பலர் மேல் போடப்பட்ட வழக்குகளை விசாரித்த நீதிபதிகளில் அவரும் ஒருவர். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். 1697 ஜனவரியில், தேவாலயத்தில் சபையார் அத்தனை பேர் முன்னாலும் அவர் எழுந்து நிற்க, போதகர் அவருடைய மன்னிப்புச் சீட்டை வாசித்தார். பழியையும் அவமானத்தையும் தானே ஏற்பதாக அதில் எழுதியிருந்தார். இரண்டு கோடாலிக் கணக்கை எழுதிய அதே மனிதர்தான், தப்பு தன்னுடையது என்றானதும் தனியாக எழுந்து நின்றார்.

அதனால் ‘ஐ வாஸ் ராங், ஐ ஆம் சாரி’ என்று நேராக எழுதுங்கள். எந்தத் தேதி மெயில், அதில் எது தவறு என்பதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். முக்கியமாக, பழி போட்ட மெயில் யார் யாருக்கெல்லாம் போனதோ அத்தனை பேருக்கும் இதுவும் போகட்டும், மேனேஜர் உட்பட. அவருக்கு மட்டும் தனியாக அனுப்பினால் பாதி வேலைதான்.

அப்புறம் இன்னொன்று. பூர்வகுடிகளின் சடங்கை அலுவலகப் பேச்சில் சாதாரணமாகப் புழங்குவது கனடாவில் சிலருக்குப் பிடிப்பதில்லை. அவராகவே இந்தத் தொடரைச் சொன்னால் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் ஆரம்பிக்க வேண்டாம்.