கைநாட்டுக்காரர்களின் எழுத்து

அன்புள்ள ஐயா,

வெள்ளைக்காரர் காலத்து வாசிப்பைப் பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம் யாழ்ப்பாணத்து அச்சுக்கூடங்களும் கொழும்புப் பத்திரிகைகளும்தான் வருகின்றன. இலங்கை மலையகத்தில் தேயிலை பறித்த எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு அதில் இடமில்லையா? என் பூட்டனார் கைநாட்டுக்காரர். அவருக்கும் எழுத்துக்கும் ஒரு தொடர்பும் இருந்திருக்காது என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள்.

ஒரு வாசகர், பொகவந்தலாவை

அன்பின் தம்பிக்கு,

உங்கள் வீட்டில் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். உங்கள் பூட்டனார் எழுத்தோடு நாள்தோறும் மல்லுக்கட்டியவர். அவர் பிழைப்பே காகிதத்தில்தான் இருந்தது.

துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கங்காணி, அதாவது ஆட்களைச் சேர்த்து மேய்ப்பவர், தன் ஆட்களோடு தோட்டம் மாற வேண்டுமென்றால் தோட்ட நிர்வாகியான துரை துண்டு என்ற சீட்டு ஒன்றை எழுதிக் கொடுப்பார். இவர்களுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்பதுதான் அதிலுள்ள சேதி. கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டம் தேடுவார். அங்குள்ள துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுப்பார். கடன் தீர்ந்ததா என்றால், இல்லை. புதுத் தோட்டத்துக் கணக்கில் ஏறிக்கொண்டது. தமிழ்நாட்டு ஊரிலிருந்து வந்த வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம். அதை வாசிக்கத் தெரியாத குடும்பம்தான் அதைச் சுமந்தது. 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டை ஒழித்தார்கள்.

அப்புறம் செக்ரோல், அதாவது வேலைப் பதிவேடு. காலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, மாலையில் கொழுந்து நிறுவை. பகல் முழுக்க மலையில் நின்ற பெண்ணுக்கும் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் விழும்.

கடிதம்தான் என்னை அதிகம் வருத்துவது. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு நாலு வரி போட வேண்டுமானால் தோட்டத்துக் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளையையோ வாத்தியாரையோ பிடிக்க வேண்டும். 'இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய அவா' என்று எழுதிவிட்டு அவர் நிமிர்ந்து பார்ப்பார்: சரி, என்ன எழுதணும்? எழுதுகிறவர் கங்காணிக்குச் சொந்தக்காரராக இருந்தால், கங்காணி அடித்ததை அவரிடம் எப்படிச் சொல்வது? பதில் கடிதமும் தோட்டத்து ஆபீஸ் வழியாகத்தான் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு வரும். வாசித்துச் சொல்ல மறுபடியும் அதே ஆள். அந்தக் காலத்துக் கடிதத்தில் 'நலம்' என்று இருந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புத் தர வேண்டும் என்று 1907ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. பெரும்பாலும் கிடைத்தது ஒரு காம்பரா (அறை), ஒரு வாத்தியார். ஆனாலும் அங்கே எழுத்துக்கூட்டப் பழகிய ஒரு பையன் ஒரு லயத்துக்கே போதும். பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை அவன் விளக்கடியில் ராகம் போட்டு வாசித்தால், சுற்றி உட்கார்ந்து கேட்கிற அத்தனை பேரும் என் கணக்கில் வாசகர்கள்தான். நல்லதங்காள் கதைக்கு அழுதவர்களை வாசிக்காதவர்கள் என்று எப்படிச் சொல்வது?

தோட்டத் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யர் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். 1920களில் 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தினார். வெளியார் தோட்டத்துக்குள் காலடி வைத்தால் அத்துமீறல் வழக்குப் பாய்ந்த காலம் அது. அவர் மனைவி மீனாட்சியம்மை தொழிலாளர் படும் பாட்டைப் பாட்டாகவே கட்டினார். மக்களுக்குப் பழகிய மெட்டில் கூட்டங்களில் பாடினார். அந்தப் பாட்டுகள் சிறு புத்தகமாகவும் வந்தன. அச்சில் வந்ததைக் காதால் கேட்டு, வாயால் அடுத்த ஆளுக்குக் கொடுக்கலாம். அதற்குக் கணக்கப்பிள்ளை தேவையில்லை.

பூட்டனாருக்கு எழுதத் தெரியுமா என்று கேட்பதை விடுங்கள். அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தது யார், வாசித்துக் காட்டியது யார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். தகரப் பெட்டியில் பழைய கடிதமோ பற்றுச்சீட்டோ கிடந்தால் உறையோடு சேர்த்து இரண்டு பக்கமும் படம் எடுத்து, இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். மலையின் ஈரத்தில் காகிதம் அதிக காலம் தாங்காது, இந்த விடுமுறையிலேயே செய்துவிடுங்கள்.

அன்புடன்